கையுறை போட்டவர்களின் பாஸ்வேர்ட்

எங்கள் பல் கிளினிக்கில் பாஸ்வேர்டைச் சத்தம் போட்டுத்தான் சொல்லிக்கொள்வோம். வேறு வழி கிடையாது. அண்ணன் ஓர் அறையில் யாருடைய வாய்க்குள்ளோ இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு நிற்பான். அடுத்த அறையில் அண்ணி, வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குழந்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். இருவரும் டாக்டர்கள், இருவர் கையிலும் கையுறை. எச்சில் பட்ட கையுறையோடு கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. அந்த நேரம் பார்த்து எக்ஸ்ரே திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். "பாப்பா, பாஸ்வேர்ட்" என்று குரல் வரும். ரிசப்ஷனில் இருக்கும் நான்தான் பாப்பா. வயது நாற்பது. நான் இருந்த இடத்திலிருந்தே கத்துவேன், அங்கே பக்கத்தில் நிற்கும் நர்ஸ் அதைக் கேட்டு அடிப்பார்.

எக்ஸ்ரேக்கு ஒன்று, அப்பாயிண்ட்மெண்டுக்கு ஒன்று, பல் செட் செய்து தரும் லேபுக்கு ஒன்று, மருந்து வரவழைக்க ஒன்று, இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு ஆளுக்கொன்று. அப்பாவின் மீன்தொட்டியை வீட்டிலிருந்தே பார்க்கும் கேமராவுக்குக்கூட ஒன்று இருந்தது. அத்தனையும் என் தலைக்குள். எழுதி வைத்தால் ஆபத்து என்பது அப்பாவின் உத்தரவு. அவர் சுங்கத்துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் உள்ள எல்லாப் பெட்டிக்கும் அடியில் இன்னொரு தட்டு இருக்கிறது என்று இன்றைக்கும் நம்புகிறவர். எழுதக் கூடாது, ஆனால் கத்தலாம். அதில் அவருக்கு எந்த ஆபத்தும் தெரியவில்லை.

எனக்கு வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அப்பாயிண்ட்மெண்ட் பிரிவில் துணைப் பொறுப்பாளர். அண்ணனுக்கு உதவியாக, அப்பாவுக்குத் துணையாக என்றே ஓடிவிட்ட வாழ்க்கையில், என் பெயருக்கென்று வந்த முதல் வேலை அது. இன்டர்வியூ நடந்துகொண்டிருக்கும்போதே என் போன் விடாமல் அதிர்ந்தது. எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "ஏதோ அவசரம் போல, எடுங்க," என்றார். எடுத்தேன். "பாப்பா, லேப் பாஸ்வேர்ட்." அந்த அம்மாவின் காது கேட்கவே சொல்லித் தொலைத்தேன். அப்படியும் வேலையைக் கொடுத்தார்கள். ஆனால், "இங்க டியூட்டி நேரத்துல சொந்த போன் எடுக்க முடியாது, பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்குள் என் தலையில் இருப்பதை இறக்கி வேறு எதிலாவது போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் நான் ஊர் மாறுவேனே தவிர வேலை மாற மாட்டேன். அங்கே போய் உட்கார்ந்துகொண்டு இங்கே கத்திக்கொண்டிருப்பேன். கொஞ்ச நாளில் அந்த அம்மா என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அதற்காகத்தான் பாஸ்வேர்ட் மேனேஜர் என்ற யோசனையை எடுத்தேன். எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரே ஆப்பில் போட்டுப் பூட்டிவிட்டால், அதைத் திறக்கும் ஒரே ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டை மட்டும் அவரவர் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். அண்ணன் முதலில் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "இப்ப என்ன குறைஞ்சு போச்சு?" என்றான். என்ன குறைந்து போயிற்று என்பதை அன்று மத்தியானமே ஒரு நோயாளி காட்டிக்கொடுத்தார்.

அவர் ஒரு வக்கீல். விழுந்துவிட்ட பற்களுக்குப் பாலம் கட்டிக்கொள்ளப் பல வாரங்களாக வந்துகொண்டிருந்தார். அன்று காத்திருக்கும் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தான். "சிரிப்பு, எல்லாம் சின்ன எழுத்து, கடைசியில ஏழு," என்று நான் கத்தினேன். "எடுக்க மாட்டேங்குது," என்று நர்ஸ் கத்தினார். வக்கீல் பேப்பரைத் தாழ்த்தாமலே, "ஏழு இல்லம்மா, எட்டு. போன தடவை நான் வந்தப்பதான மாத்தினீங்க," என்றார். எட்டுப் போட்டதும் திறந்துகொண்டது. பக்கத்தில் இருந்த இன்னொரு அம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினார்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. "பாரு, நம்ம பேஷண்ட்ஸ் எவ்வளவு பாசமா இருக்காங்க," என்றான். அப்பா சிரிக்கவில்லை. மீன்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று வக்கீலை மேலும் கீழும் பார்த்தார். சாயங்காலம் கூடிப் பேசலாம் என்று அறிவித்தார்.

ஆக, கிளினிக்கைப் பூட்டியபின் காத்திருப்போர் நாற்காலிகளில் நால்வரும் உட்கார்ந்தோம். நான் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். பாஸ்வேர்டை வைத்துக்கொள்ளும், கேட்டால் கொடுக்கும், வேறு ஒன்றும் செய்யாது. அண்ணன் போனில் இன்னொன்றைத் திறந்து வைத்திருந்தான்.

"இதுல வி.பி.என் இருக்கு. டார்க் வெப் கண்காணிப்பு இருக்கு. வைரஸ் தடுப்பு இருக்கு. ஃபைல் லாக்கர் இருக்கு. உன்னோடதுல என்ன இருக்கு?"

"பாஸ்வேர்ட் இருக்கு."

"அவ்வளவுதானா?"

"நமக்கு வேண்டியது அவ்வளவுதான்ணா."

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். இதே மனிதன்தான் நோயாளிகளிடம், பேஸ்ட்டில் உப்பு இருக்கிறதா கரி இருக்கிறதா என்று ஆராயாதீர்கள், ஒழுங்காகத் தேயுங்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறவன். தனக்கு வாங்கும்போது மட்டும் உப்பு, கரி, வேப்பம்பட்டை எல்லாம் வேண்டும்.

"டார்க் வெப்னா என்ன?" என்று அண்ணி கேட்டார்.

"திருட்டுப் போன பாஸ்வேர்டெல்லாம் விற்கிற சந்தை. நம்மோடது அங்க போனா இது உடனே சொல்லிடும்."

"ஐயோ, அது கட்டாயம் வேணும்," என்றார் அண்ணி. அவருக்கு எதைச் சொன்னாலும் முதலில் பயம் வரும், பிறகு அது வேண்டும் என்று தோன்றும்.

"வி.பி.என்?" இது அப்பா.

"நாம இன்டர்நெட்ல எந்த வழியா போறோம்னு யாருக்கும் தெரியாம மறைச்சிடும்பா."

வாழ்நாள் முழுக்க மறைத்தவர்களைப் பிடித்த மனிதர், தானும் ஒருமுறை மறைந்து பார்க்கலாம் என்று ஆசைப்பட்டார் போலிருக்கிறது. "அப்ப இதையே வாங்கு," என்று தீர்ப்புச் சொன்னார்.

"அப்பா, இவ்வளவும் சேர்ந்து வந்தா இவ்வளவும் சேர்ந்து மக்கர் பண்ணும். யாரு பார்க்கறது?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு எனக்கு நன்றாக அர்த்தம் தெரியும்.

மறுநாள் காலையில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் போட்டு முடித்தேன். என் தலையில் இருந்த ஒவ்வொன்றையும் ஆப்பில் ஏற்றினேன். ஏற்ற ஏற்ற ஒரு சுமை இறங்குவதுபோலத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. முதல் நோயாளி நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். படம் அண்ணனின் திரைக்கு வரவில்லை. மறுபடி எடுத்தார்கள், அப்போதும் வரவில்லை. கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டேன். "வி.பி.என் ஓடுதா? அது உங்க மெஷின்களையே ஒண்ணுக்கொண்ணு தெரியாம மறைச்சிருக்கும்," என்றார். பக்கத்து அறையில் இருக்கும் எக்ஸ்ரே கருவியை எங்களிடமிருந்தே பத்திரமாக ஒளித்து வைத்திருந்தது. வாயைத் திறந்தபடி கிடந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அதை அணைத்தேன். அப்பாவுக்கு மனசே இல்லை.

மத்தியானம் டார்க் வெப் கண்காணிப்பு வேலையைத் தொடங்கியது. கிளினிக்கின் மெயில் முகவரி எங்கெங்கோ கசிந்திருப்பதாகச் சிவப்பு எழுத்தில் ஒரு நீளமான எச்சரிக்கை அண்ணியின் போனுக்குப் போயிருக்கிறது. நான் பேங்குக்குப் போயிருந்த நேரம். அண்ணி கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு உட்கார்ந்து, எல்லாப் பாஸ்வேர்டையும் தானே மாற்றிவிட்டார். ஒவ்வொரு முறையும் ஆப், புதியதைச் சேமிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்று அழுத்தியிருக்கிறார்.

"ஏன் அண்ணி?"

"அதான் எல்லாம் வெளிய போயிடுச்சுன்னு சொல்லுதே. மறுபடியும் அதுகிட்டயே குடுக்கச் சொல்றியா?"

"வெளிய போனது மெயில் முகவரி அண்ணி. ஆப்ல இருந்து ஒண்ணும் போகல."

"நீ இல்லாத நேரத்துல எனக்கு எப்படிம்மா தெரியும்?"

சரி, மாற்றியது என்னென்ன என்று கேட்டேன். பதற்றத்தில் ஒன்றும் ஞாபகம் இல்லை என்றார். சாயங்காலம் முழுக்க ஒவ்வொரு கம்பெனியாகக் கூப்பிட்டு, என் பிறந்த தேதியையும் அண்ணனின் டாக்டர் பதிவு எண்ணையும் ஒப்பித்து, ஒவ்வொன்றாகத் திறந்தேன். இன்சூரன்ஸ்காரன் காத்திருக்கச் சொல்லிப் போட்ட பாட்டு இன்னும் காதில் இருக்கிறது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் எல்லாரும் சேர்ந்து என்னைத் தேற்ற வந்துவிடுவார்கள், வேலை கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

அடுத்து வந்தது கையுறை. ஆப் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் பூட்டிக்கொள்ளும். திறக்க விரல் வைக்கலாம் என்று பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். கையுறை போட்ட விரலை அதற்கு அடையாளம் தெரியவில்லை. முகத்தைக் காட்டலாம் என்றார்கள். மாஸ்க்கும் பாதுகாப்புக் கண்ணாடியும் மாட்டிய முகம் யாருடையது என்று அதற்குப் புரியவில்லை. உலகத்தில் உள்ள அத்தனை தொழிலையும் யோசித்து அதைச் செய்தவர்கள் பல் டாக்டரை மட்டும் மறந்துவிட்டார்கள். மாஸ்டர் பாஸ்வேர்டை அடிப்பதுதான் பாக்கி. அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தான். தன் மாஸ்டர் பாஸ்வேர்டைத் தொண்டையைத் திறந்து கத்தினான்.

"பாப்பா, கோபுரம், சின்ன எழுத்து, நடுவுல ஒரு கோடு, ஒட்டகம். நீயே வந்து அடி, நர்ஸ் லீவு."

வெளியே நாற்காலிகள் நிறைந்திருந்தன. வக்கீலும் இருந்தார்.

நான் எழுந்து உள்ளே போய், கதவைச் சாத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினேன். நாற்காலியில் கிடந்த பெண் வாயைத் திறந்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது எல்லாத்துக்கும் சாவிண்ணா. இதை உன் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லக் கூடாது."

"உன்கிட்டதான சொன்னேன்."

"ஊருக்கே சொன்ன."

"நீ வெளிய உட்கார்ந்திருந்தா நான் எப்படிச் சொல்றது?"

அவன் நிஜமாகவே புரியாமல் கேட்டான். அதுதான் என்னைக் கொன்றது. வம்புக்குக் கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். மாற்றிக்கொள் என்று சொன்னேன். மாற்றுகிறேன் என்றான். மாற்றவில்லை என்பது பிறகு தெரிந்தது.

சனிக்கிழமை என் கடைசி நாள். மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என் போனுக்கு ஆப்பிலிருந்து ஒரு செய்தி வந்தது. "உங்களை நம்பிக்கைக்குரிய நபராகச் சேர்த்திருக்கிறார்கள். சம்மதமா?" சேர்த்தது அண்ணன். மாஸ்டர் பாஸ்வேர்ட் மறந்துபோனால் உதவ ஒருவரின் பெயரைக் கொடுக்கச் சொல்லி ஆப் எல்லோரையும் கேட்டிருக்கிறது. நான் அதைப் படித்து முடிப்பதற்குள் இன்னொன்று வந்தது. அண்ணி. அதற்குப் பின்னாலேயே இன்னொன்று, அப்பா. அப்பா அதோடு நிற்காமல் மீன் உணவு டப்பாவோடு என் அருகில் வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தன் மாஸ்டர் பாஸ்வேர்டை என் காதில் சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் அண்ணியும் கை கழுவ வருகிறவர்போல வந்து சொன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் மெனக்கெட்டு எதை இறக்கி வைத்தேனோ, அதை மூவரும் வரிசையில் வந்து திரும்ப என் தலையில் ஏற்றிவிட்டார்கள். மூன்றுக்கும் சம்மதமில்லை என்று அழுத்தினேன். மூவரையும் கூப்பிட்டேன்.

"ஒருத்தருக்கொருத்தர் போட்டுக்கங்க. அண்ணா அண்ணியைப் போடட்டும், அண்ணி அப்பாவைப் போடட்டும், அப்பா அண்ணாவைப் போடட்டும். என்னை விட்டுடுங்க."

"உங்க அண்ணியைப் போட்டா தினமும் திறந்து பார்ப்பா," என்றான் அண்ணன்.

"உங்க அப்பாவைப் போட்டா என்னை நிக்க வெச்சு விசாரிப்பாரு," என்றார் அண்ணி.

"இவனைப் போட்டா தண்டோரா போட்ட மாதிரிதான்," என்றார் அப்பா. "உன்கிட்ட இருந்தா வெளிய போகாது."

இத்தனை நாள் அவர்களுடைய சோம்பேறித்தனம் என்றே நினைத்துக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். கோபப்பட வசதியாக இருந்தது. இப்போது பார்த்தால் அது சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. அந்த வீட்டில் ஒருவர் ரகசியத்தை இன்னொருவரிடம் கொடுக்க முடியாது, என்னிடம் கொடுக்கலாம். இதைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்ள எனக்கு முடியவில்லை. என்னை நம்பினார்கள், நான் போவேன் என்பதைத்தான் நம்பவில்லை.

"நான் திங்கட்கிழமையில இருந்து போன் எடுக்க மாட்டேன்," என்றேன். அப்பா மீன்களுக்கு இரண்டாம் முறையாகத் தீனி போட்டார்.

திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரியின் பயிற்சி அறையில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைச் சுவர், வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், என் வயதில் பாதி இருக்கும் புதியவர்கள். பயிற்சியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்குத் திறந்து கொடுத்தார். திரையைப் பார்த்தேன். அதே ஆப். அதே வி.பி.என், அதே டார்க் வெப்.

"மாஸ்டர் பாஸ்வேர்ட் போட்டுட்டு, நம்பிக்கையானவங்க ஒருத்தர் போன் நம்பரைக் குடுங்க. வீட்டு ஆளா இருக்கட்டும். அது இல்லாம அடுத்த பக்கம் போகாது," என்றார் அவர். "அவங்களுக்கு ஒரு செய்தி போகும். வகுப்பு தொடங்குற வரைக்கும் போன் கையில இருக்கலாம்."

அப்போதே போன் அதிர்ந்தது. எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். கை எடுத்துவிட்டது.

"பாப்பா, என் மாஸ்டர் பாஸ்வேர்ட் என்ன?" அண்ணனுக்கு நர்ஸ் போனைப் பிடித்திருக்க வேண்டும், ஸ்பீக்கரில் கிளினிக்கின் இரைச்சல் முழுவதும் கேட்டது. எச்சில் உறிஞ்சும் குழாயின் சத்தம்கூட.

கோபுரம், ஒரு கோடு, ஒட்டகம். நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் நாளைக்கும் கேட்பான். நாளை மறுநாளும் கேட்பான்.

"எனக்கு ஞாபகம் இல்லண்ணா," என்றேன்.

என் வாயிலிருந்து அந்த வார்த்தை அதுவரை வந்ததே இல்லை. அண்ணன், "அவளுக்கு ஞாபகம் இல்லையாம்," என்று யாரிடமோ சொல்வது கேட்டது. தூரத்திலிருந்து, காத்திருக்கும் நாற்காலிகள் பக்கமாக, ஒரு குரல் வந்தது. "கோபுரம், ஒரு கோடு, ஒட்டகம், டாக்டர்." வக்கீல். தட்டும் ஓசை. "திறந்துடுச்சு," என்றான் அண்ணன். போனை வைத்துவிட்டான்.

அவ்வளவுதான். நான் இல்லாமல் திறந்துகொண்டது. இதற்குத்தானே இத்தனை பாடுபட்டேன். ஆனால் அப்பாடா என்று மூச்சு வரும் என்று பார்த்தால் வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் யார்மேல் என்று தெரியவில்லை.

திரையில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. நம்பிக்கைக்குரிய நபர். ஊருக்கெல்லாம் நான்தான் அந்த நபர். எனக்கு யார்? அப்பா விசாரிப்பார். அண்ணி பயந்து எல்லாவற்றையும் மாற்றிவிடுவார். அண்ணன் கத்துவான். பக்கத்தில் இருந்தவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். பயிற்சியாளர் என் பின்னால் வந்து நின்று, "வீட்டுல யாரும் இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்விக்கு மட்டும் ஆமாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அண்ணனின் எண்ணை அடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் போன் அதிர்ந்தது.

"பாப்பா, உன் பேர்ல என்னமோ வந்துது. நர்ஸை விட்டு ஓகே அழுத்தச் சொல்லிட்டேன்," என்றான். குரல் தழுதழுத்ததா, ஸ்பீக்கரில் அப்படிக் கேட்டதா, தெரியவில்லை. "உன் பாஸ்வேர்ட் என்ன? சொல்லு, நான் ஞாபகம் வெச்சுக்கறேன்."

"சொல்லும்மா, நாங்க எல்லாரும் இருக்கோம்," என்றது வக்கீலின் குரல்.

பயிற்சி அறையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் போனை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டேன்.

"அண்ணா, முதல்ல அந்த ஸ்பீக்கரை ஆஃப் பண்ணு."

"எப்படிப் பண்றது? கையில கையுறை போட்டிருக்கேன்ல," என்றான் அண்ணன்.